பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு

என் பெயர் கோதண்டராமன். தகப்பனார் பெயர் நல்லசாமி. வயது நாற்பத்து மூன்று. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறந்தது பாபநாசம், இருப்பது ஆக்லாந்துக்குத் தெற்கே பாபகூரா. சிரிப்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். திரு. ஆனந்தராசா அவர்களின் வீட்டோடு ஒட்டியிருக்கும் ஓர் அறைப் பகுதியில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். காணாமல் போன அவர் மகன் திலக்சனின் மரணம் பற்றிய விசாரணைக்காக, பாபகூரா காவல் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் திரு. யசீகரன் நான் சொல்லச் சொல்ல எழுத, இதைத் தமிழில் கொடுக்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் நடந்தது முழுக்கத் தமிழில் நடந்தது, அதனால் அப்படியே சொல்கிறேன்.

திரு. ஆனந்தராசா ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். அவர் மனைவி சரோஜாதேவி. ஒரே மகன் திலக்சன், வயது இருபத்து நான்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே வேர்விட்டவர்கள். நான் அவர்களை ராசண்ணன், சரோஜாக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு நான் தம்பி. வாடகையில் இன்டர்நெட்டும் சேர்த்தி என்பதால் அந்த வீட்டு வைஃபையைத்தான் நானும் பயன்படுத்தினேன். அதற்குக் கூலியாக அந்த வீட்டில் பிளக் உள்ள எந்தப் பொருள் கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் படித்தவன் ரைஸ் குக்கரும் பார்ப்பான் என்பது நம் சனங்களின் நம்பிக்கை.

கடந்த ஜூன் மாத நீண்ட வார இறுதியில், சனிக்கிழமை காலையில், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ராசண்ணன் சத்தம் போடுவது கேட்டது. திலக்சன் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தான். இரவெல்லாம் ஆன்லைனில் கேம் விளையாடிவிட்டுப் பகலில் தூங்குவான். அது பற்றித்தான் சத்தம், அது புதிதும் இல்லை. அதன் பிறகு சுவரில் ஏதோ மோதிய ஓசை கேட்டது, அதே நேரத்தில் என் லேப்டாப்பில் வைஃபை போய்விட்டது. ராசண்ணன் ரவுட்டரைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருந்தார். முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான், இன்று விடுமுறையிலும் ஒரு மீட்டிங் இருக்கிறதே என்று. அதன் பிறகு திலக்சனின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலைவரை அவன் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. அவனுடைய நண்பன் ஒருவன், திலக்சன் வாட்டிப்புக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னான் என்று தெரிவித்ததும், ராசண்ணன் போலீசுக்குச் சொல்லிவிட்டு என் காரில் ஏறினார். வாட்டிப்பு மேற்குக் கரையில் மண் ரோட்டின் முடிவில் இருக்கிறது. அங்கே எந்த கம்பெனி போனுக்கும் சிக்னல் கிடையாது. திலக்சனின் கார் நிறுத்துமிடத்தில் பூட்டியபடி நின்றது. போலீஸ் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் பாறைப் பக்கமாக நடந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அங்கே கடல் போடும் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் திரும்பி வந்தபோது ராசண்ணன் என் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் ரத்தம். கேட்டதற்கு, முள் குத்திவிட்டது என்றார். அங்கே முள்செடி நிறைய உண்டு, நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன் பிறகு போலீஸ் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, படகும் வந்தது. உடல் கிடைக்கவில்லை. காரில் போன் இல்லை, அதனால் அது அவனோடு கடலில் போயிருக்கும் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள், நானும் சேர்த்து.

அடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பதில். வீட்டில் வைஃபை இல்லை, நான் மொபைல் டேட்டாவில் காலம் தள்ளினேன். புது ரவுட்டர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் நம் ஆட்கள், பையன் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுத் தானாகவே கடலில் இறங்கிவிட்டான் என்று குசுகுசுத்தார்கள். நான் போனதும் பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றுவார்கள். சரோஜாக்காவுக்கும் இது காதில் விழுந்திருந்தது. அந்தியேட்டி செய்துவிடலாம் என்று ராசண்ணன் ஒருமுறை கேட்டபோது, உடம்பு வராத பிள்ளைக்கு என்னத்துக்குக் கிரியை என்று சரோஜாக்கா கதவைச் சாத்திக்கொண்டார். மகன் படத்தைச் சுவாமி அறைக்குள் விடவில்லை. படம் ஹாலில் டிவிக்கு மேல் மாலையில்லாமல் இருந்தது. தினமும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவார். சாப்பிட்டியா, குளிருது ஜாக்கெட் போடு, அப்பா கோவமில்லை. எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். என்னிடம் காட்டி, இது ஏன் இரண்டாக மாட்டேன் என்கிறது என்று கேட்பார். அந்த போன் எங்கேயோ நெட் இல்லாமல் இருக்கிறது அக்கா என்பேன். கடலுக்கடியில் என்று சொல்ல நான் என்ன கல்லா?

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, ராசண்ணன் ஒரு புது ரவுட்டரை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். உடைத்தவரே வாங்கி வந்திருந்தார். "பூட்டி விடும் தம்பி, வீடு செத்துப்போய்க் கிடக்கு" என்றார். பூட்டுவது என்றால் அவர்கள் பேச்சில் பொருத்துவது. அந்த வீட்டில் ஃபைபர் பெட்டி சுவாமி அறை அலமாரிக்குள் இருக்கிறது. வீடு கட்டியவர்களுக்கு அது துணி அலமாரி. நான் ரவுட்டரை வைப்பதற்குள் சரோஜாக்கா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். எந்தப் புதுப் பொருளானாலும் அவருக்கு அதுதான் முதல் வேலை, காற்றுத் துளையில் மட்டும் வைக்காதீர்கள் என்று கெஞ்சி இடம் மாற்ற வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான் வைஃபைக்குப் புது பெயரும் புது பாஸ்வேர்டும் போடப் போனேன். சரோஜாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்: "பழைய பேரையே வையுங்கோ தம்பி. பாஸ்வேர்டும் அதே. பிள்ளை வந்தா அவன்ர போன் தானாப் பிடிக்க வேணும், வாசல்லை நிண்டு கேக்கக் கூடாது." பெயரும் பாஸ்வேர்டும் திலக்சன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வைத்தவை. அவர் தேவாரம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்பது உட்பட. நான் அடித்தேன். ராசண்ணன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வைஃபை என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி, திறந்தால் வரும் அவ்வளவுதான். அதனால் அடுத்து என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்டர்நெட் வந்தது, ஆனால் ஆமை வேகம். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் கட்டும் பணத்துக்குரிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கேபிளை நேராக ரவுட்டரில் செருகிப் பார்த்தேன், முழு வேகம் வந்தது, ஆகவே ஃபைபரில் குறை இல்லை. வைஃபையில்தான் கோளாறு. அலமாரிக்குள் ரவுட்டருக்கு முன்னால் பித்தளை மண்டபம், வெள்ளித் தகடு போட்ட முருகன், பின்னால் இரும்புத் தட்டு. சிக்னல் எந்தச் சந்தில் வெளியே வரும்? சுவாமியை நகர்த்த அக்கா சம்மதிக்க மாட்டார் என்பதால், நீளமான கேபிள் இழுத்து ரவுட்டரைச் சமையலறை ஜன்னல் திட்டில், பின்தோட்டத்தைப் பார்க்க வைத்தேன். வேகம் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் பெருமையாக என் பகுதிக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ரசம் ஊற்றுவதற்குள் சரோஜாக்கா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கடைசி ஒரு மாதமாக அவர் அனுப்பிய செய்திகள் எல்லாம் இரட்டை டிக் ஆகியிருந்தன. அதற்கு முந்தியவை ஒற்றையாகவே நின்றன. போய்ச் சேராத செய்தியை அவ்வளவு காலத்துக்குத்தான் வாட்ஸ்அப் கம்பெனி சேர்த்து வைக்கும். "பிள்ளைக்குப் போயிட்டுது தம்பி, எங்கையோ இருக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். யாராவது போனைக் கண்டெடுத்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. புட்டு அவிக்க மாவு எடுக்கப் போகிறேன், அவனுக்குப் புட்டுத்தான் பிடிக்கும் என்று போய்விட்டார்.

அதன் பிறகு என் லேப்டாப்பும் மறுபடி மெதுவானது. முதலில் அதைத்தான் கவனித்தேன், ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த வேலை, மற்றதை நினைக்கப் பயமாக இருந்தது. போனில் ரவுட்டரின் ஆப்பைத் திறந்து பார்த்தால், டிவி, அக்காவின் போன், அண்ணனின் போன், என்னுடையவை போக, பெயரில்லாத ஒரு சாதனம் மிகப் பலவீனமான சிக்னலில் தொங்கிக்கொண்டு விடாமல் எதையோ மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் இப்படி ஒன்று தொத்திக்கொண்டிருந்தால் வீட்டில் உள்ள மற்ற எல்லாவற்றையும் அது இழுத்து மெதுவாக்கும். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ என்று நினைத்தேன். இந்த வீட்டு பாஸ்வேர்டு தெரியாத தமிழர் தென் ஆக்லாந்தில் குறைவு, வந்தவர்களுக்கெல்லாம் தேநீரோடு அதையும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் யோசிக்காமல் அந்தச் சாதனத்தைத் தடை செய்தேன். வேகம் உடனே வந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, இப்ப அனுப்பினது ஏன் திரும்ப ஒண்டாக் கிடக்கு?"

நான் எழுந்து நின்றேன். தடையை எடுத்தேன். சமையலறையிலிருந்து, "ஆ, இப்ப ரெண்டு" என்றார். சோதித்துப் பார்க்க இன்னொரு முறை தடை செய்து, அவரை ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். ஒற்றை. எடுத்தேன். இரட்டை. என் வேலையில் ஒரு கோளாறைத் தேடிக் கண்டுபிடித்தால் மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வரும். அன்றைக்கு வந்தது அழுகை. திலக்சனின் போன் கடலில் இல்லை, இந்தக் காம்பவுண்டுக்குள் இருந்தது.

சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, தோட்டத்தின் கடைசியில், ராசண்ணனின் ஷெட் இருக்கிறது. நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் பின்கதவால் இறங்கிப் போனேன். ஷெட்டுக்குள் ராசண்ணன் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மாட்டியிருந்த மழைக்கோட்டுக்கு அடியில், எக்ஸ்டென்ஷன் வயரில், திலக்சனின் போன் சார்ஜில் கிடந்தது. அதன் கவரில் ஒட்டியிருந்த ரக்பி ஸ்டிக்கரை வைத்து எனக்கு அடையாளம் தெரியும். அதன் திரை விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அம்மா என்ற பெயரில் செய்தி மேல் செய்தி. அவர் அதைப் பார்த்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை.

"ஓம் தம்பி, என்னட்டைத்தான் கிடந்தது" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதின் சாரம் இது. வாட்டிப்பில் நான் கரைப் பக்கம் போனதும், தன்னிடம் இருந்த உபரிச் சாவியால் மகனின் காரைத் திறந்திருக்கிறார். போன் சீட்டில் கிடந்தது. போலீஸ் அதைத் திறந்தால், அப்பாவால்தான் சாகிறேன் என்று அதற்குள் எழுதியிருக்கும், அதைச் சரோஜாவிடம் படித்துக் காட்டுவார்கள் என்று பயந்துபோய், சிம்மை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று எண்ணி, காரில் கிடந்த தூண்டில் முள்ளின் முனையால் சிம்மைக் கழற்றிக் கடலில் எறிந்துவிட்டு, போனைச் சட்டைக்குள் வைத்திருக்கிறார். அந்த முள்தான் கட்டைவிரலில் ஏறியது. போனின் பூட்டு எண் அவருக்குத் தெரியாது. அழிக்கவும் மனம் வரவில்லை. "அவன் கடைசியாத் தொட்டது தம்பி. ஒருநாளும் சார்ஜ் இறங்க விடேல்லை. அணைஞ்சா அதுவும் செத்துப்போகுமெண்டு பயம்" என்றார். அவர் செய்தது தப்பு என்று எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். கோபமும் வந்தது, அதையும் எழுதுங்கள். மூன்று மாதம் அந்த அம்மாள் ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்த வாளி மேல் உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

இதைப் போலீசிடம் கொடுக்க வேண்டும் அண்ணே, அதற்கு முன்னால் அக்காவிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். நான் சார்ஜரிலிருந்து போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, அவர் பின்னால் வந்தார். வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். எலுமிச்சை மரம்வரை வந்திருப்போம். வீட்டை நெருங்க நெருங்கப் போனுக்குச் சிக்னல் கூடும் என்பது எனக்குத் தெரியும். அது எதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் காத்திருந்தது என்பது தெரியாது.

சமையலறை ஜன்னலிலிருந்து திலக்சன் பேசினான்.

மொழிபெயர்ப்பாளர் இந்த வரியை மாற்றி எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குக் கேட்டது அப்படித்தான். அவன் இங்கே எல்லாரோடும் ஆங்கிலம்தான், அம்மாவோடு மட்டும் தமிழ். பின்னால் காற்று இரைந்தது. அவன் சொன்னது: "அம்மா, இங்க சிக்னல் இல்லை, இது எப்ப வந்து சேருமோ தெரியாது. மீன் ஒண்டும் படேல்லை. இன்னொருக்கா எறிஞ்சு பாத்திட்டு வெளிக்கிடுறன். பசிக்குது, புட்டு அவிச்சு வையுங்கோ. அப்பான்ர தூண்டிலைத்தான் கேளாமல் கொண்டு வந்திட்டன், ஏச வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சண்டை நடந்த சனிக்கிழமை வாட்டிப்பில் பதிவு செய்து, அனுப்ப வழியில்லாமல் போனிலேயே தங்கிவிட்ட குரல் அது; இப்போது அக்காவின் போனுக்கு வந்து சேர, அவர் அதை அழுத்தியிருக்கிறார். போனை சீட்டில் வைத்துவிட்டு இன்னொரு முறை எறிந்து பார்க்கப் போயிருக்கிறான். ராசண்ணன் எதற்குப் பயந்து அந்த போனை ஒளித்து வைத்தாரோ, அது அதற்குள் இல்லை, இருந்தது இதுதான். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு சரோஜாக்கா கையில் மாவோடு பின்கதவில் வந்து நின்றார். மகனைத்தான் தேடி வந்தார், அது அவர் கண்ணில் தெரிந்தது. தோட்டம் முழுவதும் பார்த்தார். அதன் பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தார், அதன் பிறகு கீழே இருந்த கணவரை. ராசண்ணன், "என்னட்டைத்தான் இருந்தது சரோஜா" என்றார். சரோஜாக்கா என்னைத்தான் கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. இது இப்ப கதைச்சதோ, அப்ப கதைச்சதோ?"

"அப்ப பேசினது அக்கா" என்றேன். என் வாழ்நாளில் இதைவிடக் கஷ்டமான ஒன்றை நான் சொன்னதில்லை.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிலையில் மாவு விரல்கள் பதிந்தன. அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் படியிறங்கிப் போய்க் கணவர் முன்னால் நின்று, "தூண்டிலுக்கு ஏச வேண்டாமாம்" என்றார். ராசண்ணன் அழுதது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது. சரோஜாக்கா உள்ளே போய் அந்தப் புட்டை அவித்து முடித்தார்.

நான் போலீசுக்குப் போன் செய்தேன், அன்று மாலையே அதிகாரி ஒருவர் வந்தார். போனையும் அதன் சார்ஜரையும் என் கையாலேயே கொடுத்தேன். சார்ஜ் இறங்க விட வேண்டாம் என்று சரோஜாக்கா என்னைச் சொல்லச் சொன்னார், அதை இங்கேயும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ராசண்ணன் மீது என்ன நடவடிக்கை என்பது உங்கள் முடிவு. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அந்தப் பையன் சாகப் போகவில்லை. மீன் பிடிக்கப் போனான், பசியோடு வீட்டுக்கு வர இருந்தான். அதை இந்த விசாரணையின் தீர்ப்பில் எழுதுவீர்களானால், குசுகுசுத்த ஒவ்வொரு வீட்டிலும் அதைப் படித்துக் காட்ட நான் தயார்.

அடுத்த மாதம் அந்தியேட்டி செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். சரோஜாக்காதான் குருக்களோடு பேசினார். டிவிக்கு மேல் இருந்த படத்தை அவரே இறக்கிச் சுவாமி அறையில் வைத்து மாலை போட்டார். இப்போது அந்த வீட்டில் இன்டர்நெட் முழு வேகத்தில் வருகிறது. எதுவும் அதைப் பிடித்து இழுப்பதில்லை. நான் அளந்து பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம், பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டை மாற்றிவிடலாமா அக்கா, ஊரெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறதே என்று கேட்டேன். வேண்டாம், பேரும் அப்படியே இருக்கட்டும் என்றார். இனி யாருடைய போன் வந்து பிடிக்கப் போகிறது என்று நான் கேட்கவில்லை. ரவுட்டர் அதே ஜன்னல் திட்டில் இருக்கிறது. சந்தனம் காய்ந்து உதிரும் போதெல்லாம் அவர் புதிதாக வைக்கிறார்.

மேலே எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்குத் தொடக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார். திலக்சனின் வார்த்தைகள் வந்த இடத்தில் அவர் நிறுத்த, அதை மட்டும் நானே வாசித்தேன். எல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொன்னதல்ல, ஒரு சொல்லும் கூட்டவில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ந. கோதண்டராமன்
என் முன்னிலையில்: யசீகரன், மொழிபெயர்ப்பாளர்
பாபகூரா